சூடேறாத கார்டு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது எங்கள் ஊராகிய வாசுதேவநல்லூர். 2023ஆம் ஆண்டுக் கோடையில், ஓராண்டாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு என் தம்பி தன் கணிப்பொறிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினான். பழையதைக் கழற்றிப் புதியதை நானே பொருத்தினேன். அதில் எனக்குச் சற்றே பெருமையும் உண்டு.

ஆனால் நடந்தது என்ன? முன்பு நொடிக்கு 60 படங்களாக ஓடிய பந்தய விளையாட்டு, இப்பொழுது 20ஐ எட்டாமல் நொண்டிற்று.

"பழைய கார்டைப் புதிதென்று விற்றுவிட்டார், அண்ணே! வா, போய்க் கேட்போம்" என்று தம்பி கொதித்தான். நானும் செருப்பை மாட்டினேன்.

"எதைக் காட்டிக் கேட்பாய்?" என்றார் அம்மா.

திரும்பி வந்து அமர்ந்தேன். வெப்பம் மிகுந்தால் கணிப்பொறி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே தூசியைத் துடைத்தேன், பயனில்லை. கார்டுக்குரிய டிரைவர் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினேன், அதுவும் வீண். பின்பு, விளையாட்டு ஓடும்போதே வெப்ப அளவைப் பார்த்தேன். கார்டு சூடேறவே இல்லை! உழைக்கும் பொருள் சூடேறாதிருக்குமோ?

பெட்டியின் பின்புறத்தை நோக்கினேன். திரைக்குச் செல்லும் கேபிள், கார்டில் அன்றி மதர்போர்டில் செருகப்பட்டிருந்தது. பிராசசருக்குள் அடங்கிய சிறிய கிராபிக்ஸ் பகுதியே அத்தனை படங்களையும் வரைந்து திணறியது. புதிய கார்டோ வேலையின்றி இருந்தது. கேபிளைச் செருகியது என் கைதான்.

இடம் மாற்றியதும் எண் 90ஐத் தாண்டிற்று.

மறுநாள் கடைத்தெருவில், "கார்டு நன்றாக ஓடுகிறதா, தம்பி?" என்று கடைக்காரர் அன்போடு வினவினார். "ஓடுகிறது, அண்ணாச்சி" என்றேன். அவர் முகத்தை என்னால் பார்க்க இயலவில்லை.