செவ்வாய் இரவு, புதன் காலை

இரவு முழுக்க விழித்திருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று யாராவது கேட்டால், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்கள் பெங்களூருக்கும் புதுச்சேரிக்கும் வழி காட்ட வேண்டியதில்லை. உளுந்தூர்பேட்டை வட்டத்தில் கூவாகம் இருக்கிறது. மற்ற நாளில் போனால் வயலும் வரப்பும் கூத்தாண்டவர் கோயிலும்தான் கண்ணில் படும். சித்திரையில் ஓர் இரவு மட்டும் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் திருநங்கைகள் மணப்பெண்களாக அங்கே வந்து இறங்குவார்கள். மல்லிகையும் கற்பூரமும் மணக்க, கும்மியும் பாட்டுமாக ஊர் விடியவிடியக் கண் மூடாது.

இந்தச் சித்திரைக்கு எங்கள் கூட்டம் அங்கேதான் போகிறது. பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் சித்தப்பா பிள்ளைகள், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்காரனான என் கல்லூரி நண்பன், கச்சிராயபாளையத்து அத்தை, நான். தம்பிகள் முதலில் கேட்டது புதுச்சேரியைத்தான். மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விட மாட்டார்கள், காலார நடக்கலாம், பழைய பிரெஞ்சுத் தெருக்களில் விளக்கு அழகாக இருக்கும் என்றார்கள். எல்லாம் உண்மை. கடைசியாகத் தயங்கிச் சொன்னதுதான் முதல் காரணம்: அங்கே சரக்கு விலை குறைவு. நான் கருணாபுரத்தைச் சொன்னேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே, மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டு வாசல்களில் பாடை கட்டியதைக் கண்ட ஊர் இது. குடிப்பதற்கென்று ஒரு பயணம் போக எனக்கு மனம் இல்லை என்றேன். தம்பிகள் மறுத்துப் பேசவில்லை. அப்படித்தான் பேச்சு கூவாகத்துக்குத் திரும்பியது.

நாள் பார்ப்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். நாள்காட்டியில் சித்ரா பௌர்ணமியைப் பார்த்து அன்றைக்கு வந்து நிற்பார்கள். தாலி கட்டும் இரவு பௌர்ணமியை ஒட்டி வரும் செவ்வாய்க்கிழமையில் அமையும். மறுநாள் புதன்கிழமை தேர். தாலி கட்டிய செவ்வாய் 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 13. திருவிழா அதற்குப் பதினைந்து நாளுக்கு முன்பே சாகை வார்த்தலோடு தொடங்கிவிடும். கூழ் ஊற்றும் அந்த நாளில் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள்தான் கூட்டம். தேதி உறுதியானதும் கோயில் அறிவிப்பையோ செய்தித்தாளையோ ஒருமுறை பார்த்துவிட்டு விடுப்பு எழுதிக் கொடுங்கள். விடுப்பு புதனுக்கும் சேர்த்துத்தான். இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

வழி எளிது. கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை தாண்டி உளுந்தூர்பேட்டை. அங்கிருந்து சென்னை நெடுஞ்சாலையில் மடப்பட்டு வரை வந்து திருக்கோவிலூர் சாலையில் திரும்ப வேண்டும். விழா நாட்களில் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூரிலிருந்து சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். சொந்த வண்டியில் வந்தால் ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். பேருந்தே நல்லது. கத்திரி வெயில் மே 4-இல் தொடங்கிவிடுவதால் தண்ணீர்க் குடுவை ஆளுக்கொன்று வேண்டும். அத்தை புளிச்சோறு கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்க நினைத்தால் விழுப்புரம்தான். அங்கே அந்த வாரம் விடுதி அறை கிடைப்பது கடினம். கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். திருநங்கைகள் முன்கூட்டியே வந்து தங்கியிருப்பார்கள். ‘மிஸ் கூவாகம்’ அழகிப் போட்டி அந்த ஊரில்தான் நடக்கும். நடை, உடை பார்த்து, கேள்வி கேட்டு, பதில் வாங்கித் தேர்ந்தெடுப்பார்கள். எச்.ஐ.வி. பற்றிய விழிப்புணர்வுக் கூட்டங்களும் அதே நாட்களில் நடக்கும். குருவும் மகளும், ஓராண்டாகப் பார்த்துக்கொள்ளாத தோழிகளும் அந்த விடுதி வராந்தாக்களில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். எங்கோ தெருவில் கல்லடி பட்டவர், வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர், வாடகைக்கு வீடு கிடைக்காதவர் எல்லோரும் தங்கள் சனம் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கிற வாரம் அது.

என் நண்பனுக்குக் கதை தெரிய வேண்டியிருந்தது. மலையில் வளர்ந்தவன், கூத்தாண்டவராகக் கும்பிடப்படும் அரவானைக் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் அரவான் களபலி விடிகாலையில் வரும். நாங்கள் அதைப் பார்த்தே வளர்ந்தோம். பாரதப் போரில் வெல்ல, முப்பத்திரண்டு இலட்சணமும் பொருந்திய ஒருவனைக் களத்தில் பலி கொடுக்க வேண்டும். அருச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான் முன்வருகிறான். சாவதற்கு முன் ஒரு பெண்ணோடு ஓரிரவு வாழ வேண்டும் என்று கேட்கிறான். மறுநாள் தாலியறுக்க எந்தப் பெண்தான் சம்மதிப்பாள்? கண்ணனே மோகினியாகி அவனை மணக்கிறான். அரவானின் களபலி வியாச பாரதத்தில் இல்லை. தமிழில் ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இருக்கிறது. பழைய தென்னார்க்காடு முழுக்கக் கூத்தாண்டவர் கோயில்கள் உண்டு. சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் வரைக்கும் கடல் கடந்து போய்விட்டார் அரவான். ஆனால் மோகினியின் வாரிசாகத் தங்களைக் கருதுபவர்கள் திரண்டு வருவது கூவாகத்துக்குத்தான்.

செவ்வாய் மாலையிலிருந்து பூசாரிகள் தாலி கட்டத் தொடங்குவார்கள். மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும்தான் தாலி. கோயிலைச் சுற்றி எல்லாக் கடையிலும் கிடைக்கும். பட்டுப் புடவை, நெற்றிச்சுட்டி, கை நிறைய வளையலோடு வரிசையில் நின்று உள்ளே போகிறவர்கள் வெளியே வரும்போது முகமே வேறாக இருக்கும். சிலர் சிரிப்பார்கள், சிலர் உடனே அலைபேசியில் யாருக்கோ காட்டுவார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்து ஆண்களும் வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்வதுண்டு. சித்தப்பாவே சிறுவயதில், அம்மை இறங்கியதற்காகக் கட்டிக்கொண்டவர். அதைச் சொல்ல அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. தாலி கட்டியதும் கற்பூரம் மலையாகக் குவிந்து எரியும். அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கும்மி. பக்கத்தில் நின்றால் கால் தானாக ஆடும்.

இரவின் இன்னொரு முகத்தையும் தம்பிகளிடம் மறைக்காமல் சொன்னேன். மகிழ்ச்சியைப் பார்க்க வராமல், திருநங்கைகளைச் சீண்டவென்றே வரும் ஆண்கள் இருக்கிறார்கள். இருட்டில் கை நீட்டுவார்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே படம் எடுப்பார்கள். முன்பு ஒருமுறை நான் போயிருந்தபோது, தேநீர்க் கடையோரம் அமர்ந்திருந்த கடலூர் பக்கத்து அக்கா ஒருவரைச் சுற்றி இப்படி ஒரு கும்பல் நின்றது. கடைக்காரரும் நானும் குரல் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார்கள். அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “உங்க வீட்டுக் கல்யாணத்துல வந்து இப்படி யாராவது செஞ்சா விடுவீங்களா தம்பி?” என்றார். அந்தக் கேள்வியைத்தான் தம்பிகளுக்கு விதியாக வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போகிறோம். அழைத்தால் கும்மியில் சேரலாம். கேட்டு, சரி என்றால் படம் எடுக்கலாம். குடித்துவிட்டு வருகிறவனோடு நான் நடக்க மாட்டேன்.

அந்த அக்காவோடு பழக்கம் தொடர்கிறது. 2020-இலும் 2021-இலும் கொரோனாவால் திருவிழா நின்றுபோனது. “அந்த ரெண்டு வருசமும் தாலி இல்லாம, அழுகை இல்லாம கிடந்தோம்” என்று அவர் ஒருமுறை சொன்னார். அழுகை இல்லாததையும் குறையாகச் சொன்னது எனக்கு அப்போது புதிதாக இருந்தது. புதன்கிழமைக்கும் விடுப்புப் போடச் சொன்னது அந்த அழுகைக்காகத்தான்.

கூவாகத்துக்கு வரும் வேடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் நள்ளிரவு கடந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். கும்மியைப் பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, போகலாம் என்று. பாதிக் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு முழுக் கதை சொல்கிறார்கள் ஊரில் போய். விடிந்ததும் மரச்சட்டத்தில் வைக்கோல் புரி சுற்றி அரவான் திருமேனியைத் தேரில் எழுப்புவார்கள். ஒவ்வோர் உறுப்பையும் ஒவ்வோர் ஊர்க்காரர்கள் கொண்டுவருவது வழக்கம். பெரிய கண்ணும் முறுக்கு மீசையுமாகச் சிவந்த அந்தத் தலை மேலே ஏறியதும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். பூமாலைகள் பறக்கும், விவசாயிகள் விளைந்ததை நேர்த்திக்கடனாகத் தேர் மேல் வீசுவார்கள். தேர் ஊரைச் சுற்றி, அரவான் பலியாகும் அழுகளத்தை நெருங்க நெருங்க மாலைகள் குறைந்துகொண்டே வரும். திருநங்கைகள் தேரைப் பார்த்து மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். பந்தலடியில் வளையலை உடைத்து, பூவைப் பிய்த்து, பொட்டை அழித்து, பூசாரி தாலியை அறுப்பார். பிறகு அவர்கள் தலை முழுகி வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போவார்கள். மாலையில் பலிசாதம் படைப்பதும், பிள்ளையில்லாதவர்கள் அதை வாங்கி உண்பதும் உண்டு. அத்தை வருவது அதற்காகத்தான், மகளுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த அழுகையில் அரவான் மட்டும் இல்லை. பெற்றவள் செத்தபோது முகம் பார்க்க விடாத அண்ணனும், விட்டுப்போன துணையும், ஆண்டு முழுக்கப் பொறுத்த ஏச்சும் அதில் இருக்கின்றன. 2008-இல் தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. இந்தியாவில் அதுதான் முதல். 2014 ஏப்ரல் 15 அன்று மூன்றாம் பாலினத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசும் நீதிமன்றமும் பெயர் சொல்லி அழைப்பதற்கு வெகு முன்பே, உரக்கச் சிரிக்கவும் உரக்க அழவும் அவர்களுக்கு இடம் விட்டது இந்த விவசாயக் கிராமம். இரவை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு இது தெரியாமலே போகிறது. அதில்தான் எனக்கு வருத்தம்.

புதன் மாலை கிளம்பி, கச்சிராயபாளையத்தில் அத்தை வீட்டில் படுத்து, வியாழன் காலை மலையேறுவதாக ஏற்பாடு. கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். வெள்ளிமலையில் நண்பன் வீடு. மலை என்பதால் சித்திரையிலும் இரவில் போர்வை வேண்டும். மேகம் அருவியும் பெரியார் அருவியும் அப்போது மெலிந்திருக்கும்; குளிக்க ஆசைப்படுகிறவர்கள் மழைக்குப் பிறகு வருவதே சரி. கரியாலூரில் படகுத்துறை உண்டு. இருட்டினால் மலையில் செய்ய ஒன்றுமில்லை, சாமைச் சோறு தின்று தூங்கலாம். கூவாகத்துக்குப் பிறகு உடம்பு கேட்பதும் அதுதான். நண்பனின் தாத்தா இருந்தால் ஜாகீர்தார்கள் மலையை ஆண்ட காலத்தில் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்த கதையைச் சொல்வார். 1976-இல் ஜாகீர் முறை ஒழியும் வரை இந்த மலைச் சனத்துக்கும் தங்கள் நாள் தங்களுடையதாக இருந்ததில்லை.

ஏற்பாடெல்லாம் முடிந்தபின் கடலூர் அக்காவுக்கு அலைபேசியில் சொன்னேன். தேர் முடிந்ததும் எங்களோடு மலைக்கு வாருங்கள் அக்கா, இரண்டு நாள் ஓய்வெடுக்கலாம் என்றேன். “வெள்ளப் புடவையோட நல்ல வீட்டுக்கு வரமாட்டேன் தம்பி. துக்கம் கழிக்கணும். ஆடியில கூப்பிடு, வர்றேன். அருவில தண்ணி இருக்குமில்ல?”

நண்பன் அவன் அம்மாவிடம் கேட்டான். ஆடியில் தண்ணீர் வந்துவிடும் என்றும், வரும்போது அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு வைக்கச் சொன்னதாகவும் பதில் வந்திருக்கிறது.