ஸ்டார்போர்ட் டென்

ஜனவரி 9, பாரதீப்

நிலக்கரி ஏற்றி முடிந்தது. இலங்கையைச் சுற்றிக்கொண்டு தூத்துக்குடி. கயிறு அவிழ்க்கும்போது எனக்குப் பின்பக்கம் வேலை. புது கேடட் ஒருவன் "லெஃப்ட் சைடு கயிறு" என்றான். போசன் எரிந்து விழுந்தார். அங்கே பாதிப் பேர் கரையைப் பார்த்து நிற்கிறோம், பாதிப் பேர் வின்ச்சைப் பார்த்து. யாருடைய லெஃப்ட்? எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் அணியம் என்கிற முன்முனையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் போர்ட், வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட். ஆள் எப்படித் திரும்பினாலும் அது மாறாது.

ஜனவரி 10

ஸ்டியரிங் பழக்குகிறார்கள். செகண்ட் மேட் "ஸ்டார்போர்ட் டென்" என்றால் அதையே திருப்பிச் சொல்லி, சக்கரத்தைச் சுழற்றி, சுக்கான் முள் 10-இல் நின்றதும் மறுபடி சொல்ல வேண்டும்.

போர்ட்டுக்கு முன்பு லார்போர்ட் என்று பெயராம். காற்றில் அதுவும் ஸ்டார்போர்டும் ஒரே மாதிரி கேட்டதால் பிரிட்டிஷ் கடற்படை 1844-இல் அதைக் கைவிட்டது. அதைவிடக் கூத்து, 1912-இல் டைட்டானிக்கில் "ஹார்ட் எ ஸ்டார்போர்ட்" என்றதும் கப்பல் திரும்பியது இடப்பக்கம்! அது தவறல்ல, அன்றைய வழக்கம். சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும்; சக்கரம் வந்த பிறகும் ஆணை பிடியின் கணக்கிலேயே இருந்தது. 1930-களில்தான் மாற்றினார்கள். அவ்வளவு காலம் விட்டுவைத்தது அநியாயம்.

ஜனவரி 11

வாடைக்காற்று. பெயின்ட் வேலை.

ஜனவரி 13, அதிகாலை

அம்பாந்தோட்டைக்குத் தெற்கே ஸ்டார்போர்ட் பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. போர்ட் விளக்கு சிவப்பு, ஸ்டார்போர்ட் பச்சை. நேர்முன்னிலிருந்து அந்தந்தப் பக்கம் 112.5 பாகைக்குள் இருப்பவர்களுக்கே தெரியும். சிவப்பு தெரிகிறதென்றால் அந்தக் கப்பல் தன் போர்ட் பக்கத்தைக் காட்டி, வலமிருந்து இடமாக எங்களைக் குறுக்கிடுகிறது. மேட் பேரிங் (அது தெரியும் திசைக்கோணம்) எடுத்துப் பார்த்தார்; மாறவே இல்லை. அப்படியே போனால் மோதல்தான். எதிர்க்கப்பல் நம் ஸ்டார்போர்டில் இருந்தால் விலக வேண்டியது நாம். "ஸ்டார்போர்ட் ட்வென்டி." பாரம் ஏற்றிய கப்பல், உடனே அசையவில்லை. பிறகு மெல்ல ஆரம்பித்து வேகமாகத் திரும்பியது. சிவப்பு நழுவி, அதன் வெள்ளைப் பின்விளக்கு தெரிந்த பிறகே மேட் டீ கேட்டார்.

ஜனவரி 14, தூத்துக்குடி

துறைமுக பைலட் ஏறினார். காற்று ஸ்டார்போர்டில் அடித்ததால் மறைவான போர்ட் பக்கம் ஏணி இறக்கினோம், தண்ணீருக்கு மேல் ஒன்றரை மீட்டரில். பொங்கலுக்கு வீடு ஆறு மைல் தள்ளி, போக வழியில்லை.

நாளை புதுப் பையன்கள் ஏறுகிறார்கள். முதலில் லைஃப்போட்டைக் காட்ட வேண்டும்: ஒற்றைப்படை எண் ஸ்டார்போர்டில், இரட்டைப்படை எண் போர்ட்டில்.