புது கிராவல் சைக்கிள் வாங்கப்போறீங்களா? கொஞ்சம் நீளமான இழை



பட்டுக்கோட்டையில் பிராக்டிஸ் பண்ணும் ஜூனியர் தம்பி ஒருத்தர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார். "அண்ணா, 2021 மாடல் கிராவல் சைக்கிள் ஒண்ணு தள்ளுபடியில வருது. புது மாடல் 60,000 ரூபாய் கூட. பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. அப்படி என்னதான் மாத்தியிருக்காங்க?"

நல்ல கேள்வி. அவருக்கு மட்டும் பதில் போடாமல் இங்கேயே எழுதுகிறேன். நம்ம பக்கத்தில் இந்த சைக்கிள் வாங்குகிறவர்கள் இப்போ கொஞ்சம் கூடிட்டாங்க.

கிராவல் சைக்கிள்னா என்னன்னு கேட்கிறவர்களுக்கு: ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், ஆனால் டயர் மட்டும் தடிமன். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா ஊரில் 2006-ல் தொடங்கிய ஒரு நீண்டதூரப் போட்டி இந்த வகை சைக்கிளைப் பிரபலமாக்கியதில் பெரும்பங்கு வகித்தது. அங்கே கூர்மையான கல் ரோடு. இங்கே நமக்குக் கல்லே கிடையாது, வண்டல்தான்.

தஞ்சாவூரில் புது ஆறுன்னு சொல்வோமே, 1934-ல் திறந்த கல்லணைக் கால்வாய், அதன் கரையில் காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். ஜூன் மாசம் மேட்டூர் திறந்து தண்ணி வந்த பிறகு அந்தக் கரையில் சைக்கிள் மிதிக்கிற சுகத்துக்கு ஈடு கிடையாது. அதே கரை ஐப்பசி மழையில் அல்வா. கோடையில் மாட்டுக்குளம்பு பதிந்து காய்ந்து கிடக்கும், ஓட்டினால் பல் ஆடும். திருவையாறு ரோட்டில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு பாலம். டெல்டாவில் ஏற்ற இறக்கம் என்று சொன்னால் அந்தப் பாலங்கள்தான்.

ஆகவே, கம்பெனிக்காரன் கான்சாஸை மனசில் வைத்து மாற்றியது நமக்கு உதவுமா என்பதுதான் கேள்வி.

முதல்ல டயர். நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால் பல ஃப்ரேம்களில் 40, 42 மில்லிமீட்டர் டயர்தான் நுழையும். இப்போது 45 சாதாரணம், 50 நுழைகிற ஃப்ரேமும் நிறைய வந்துவிட்டது. "நான் 50 போடவே மாட்டேனே"ன்னு சொல்லாதீங்க. 50 நுழையும் ஃப்ரேமில் 40 போட்டால் இரண்டு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் கூடுதல் இடைவெளி. நம்ம களிமண் அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியே போகும். இடைவெளி இல்லாத ஃப்ரேமில் சம்பா மாசத்தில் வரப்போரம் இறங்கினால் நூறு அடியில் சக்கரம் நின்றுவிடும். அப்புறம் சைக்கிள் உங்கள் தோளில்.

இன்னொரு லாபமும் உண்டு. கிராவல் சக்கரத்தின் ரிம் அளவு 622. பசங்க ஓட்டுகிற "29 இன்ச்" கியர் சைக்கிளும் அதே 622. 29 இன்ட்டு 1.95 டயர் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர். டயர் கிழிந்தால் ஒரத்தநாட்டிலோ மன்னார்குடியிலோ அந்த டயரை வாங்கி மாட்டி வீடு வந்து சேரலாம். ஆனால் அப்பா காலத்து சைக்கிளின் "இருபத்தெட்டு, ஒன்றரை" டயர் உதவாது. அதன் ரிம் 635. பார்த்தால் ஒரே அளவாகத் தெரியும், ஏறாது. அந்த டியூபின் வால்வும் நம்ம ரிம்மின் சின்ன ஓட்டையில் நுழையாது. அதனால் பிரெஸ்டா வால்வு டியூப் இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. புது சைக்கிள் பலவற்றில் ஹூக்லெஸ் ரிம் வருகிறது, அதாவது டயரைப் பிடித்துக்கொள்ளும் உள் கொக்கி இல்லாத ரிம். அதற்கு டியூப்லெஸ் டயர்தான் போடணும், அதிகபட்ச அழுத்தம் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. கிராவலில் நாம் அவ்வளவு காற்று அடிப்பதில்லை. ஆனால் மேலே சொன்ன சாதா டயரை அவசரத்துக்கு அதில் மாட்டவே கூடாது, கழன்று வந்துவிடும். நம்ம ஊருக்கு என் ஓட்டு கொக்கி உள்ள ரிம்முக்குத்தான். நூறு கிராம் எடை கூடினால் என்ன, ஒரு இட்லியைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஹேங்கர். கியர் மாற்றும் டிரெய்லரை ஃப்ரேமோடு இணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு. வேண்டுமென்றே பலவீனமாகச் செய்வார்கள், அடிபட்டால் அது வளைந்து ஃப்ரேமைக் காப்பாற்றணும் என்று. அறுவடை நேரத்தில் நம்ம ரோட்டில் ஒரு பக்கம் நெல் காயும், இன்னொரு பக்கம் வைக்கோல் கிடக்கும். ஒரு பிடி வைக்கோல் டிரெய்லருக்குள் போய்ச் சுற்றினால் போதும், ஹேங்கர் முறுக்கிக்கொள்ளும். பழைய ஃப்ரேம்களில் மாடலுக்கு ஒரு வடிவம். உங்கள் மாடலுக்கானதை எங்கிருந்தோ வரவழைக்கும்வரை சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கும். 2019-ல் ஸ்ராம் கம்பெனி யூ.டி.எச் என்ற பொது ஹேங்கரைக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் அதற்கேற்ற ஃப்ரேம் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரே துண்டு, எல்லாருக்கும். இந்தத் தொழிலில் நடந்த புத்திசாலித்தனமான காரியங்களில் இது ஒன்று.

இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்ராம் 2024-ல் விட்ட 13 கியர் எக்ஸ்.பி.எல்.ஆர் செட்டில் ஹேங்கரே கிடையாது, டிரெய்லர் நேரே ஃப்ரேமில் கவ்வும். அதற்கு யூ.டி.எச் ஃப்ரேம் கட்டாயம். தம்பி பார்த்த 2021 ஃப்ரேமில் அந்த அமைப்பு இல்லையென்றால், நாளைக்கு ஆசைப்பட்டாலும் மாட்ட முடியாது.

கேசட் விஷயம் இன்னும் சிக்கல். ஷிமானோவின் 12 கியர் ஜி.ஆர்.எக்ஸ் 2023-ல் வந்தது. முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் உள்ள வகைக்கு 10-45, 10-51 கேசட், அதற்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற தனி ஹப். முன்னால் இரட்டை உள்ள வகைக்கு 11-34, 11-36. அது பழைய வழக்கமான எச்.ஜி ஹப்பிலேயே ஏறும். ஸ்ராமுக்கு எக்ஸ்.டி.ஆர். ஒரே பெயர், ஒரே கம்பெனி, ஆனால் ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காராது. எலும்பு முறிவுக்குப் பிளேட் வைத்த நண்பர்களுக்கு இது புரியும். எங்கோ வைத்த ஸ்க்ரூவை வேறு ஊரில் எடுக்கப் போனால், அந்தத் தலைக்கான டிரைவர் இல்லாமல் ஆபரேஷன் தியேட்டரில் முழிப்பார்கள். நம்ம சமவெளிக்கு 10-51 எதற்கு? இரட்டைப் பல்சக்கரமும் 11-34-ம் தாராளம்.

பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டில் மட்டும் கம்பெனிகள் பின்னோக்கிப் போயிருக்கிறார்கள், நல்லவேளை. நடுவில் சில வருஷம் மரையே இல்லாமல் பேரிங்கை அழுத்திச் செருகும் முறை ஓடியது. தூசியும் தண்ணியும் போனால் கிறீச் கிறீச். இப்போது பலர் மரைக்குத் திரும்பிவிட்டார்கள். ஒன்று டி47, இன்னொன்று பழைய பி.எஸ்.ஏ. ஆமாம், அதே பெயர்தான்! பர்மிங்காம் கம்பெனியின் மரை அளவு, 1.37 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை. 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ சைக்கிள்ஸ் அந்தப் பெயரில் விட்ட எஸ்.எல்.ஆர் சைக்கிளில்தான் நம்மில் பாதிப்பேர் டியூஷன் போனோம்.

புது மாடலில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. பிரேக் ஹோஸ், கேபிள் எல்லாம் ஹெட்செட் பேரிங் வழியாக உள்ளே போகிறது. பார்க்க அழகு. ஆனால் மழையில் ஓட்டி அந்தப் பேரிங் துருப்பிடித்தால், அதை மாற்றப் பல மாடல்களில் பிரேக் ஹோஸையே கழற்றி, ஆயில் திரும்ப நிரப்பி, காற்று எடுக்கணும். தொண்டைவலிக்கு வயிற்றைத் திறக்கிற கதை. கேபிள் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று யார் சொன்னது?

இப்போது முக்கியமானது. இதற்காகத்தான் இந்த இழையே.

டிஸ்க் பிரேக் ஆயில் இரண்டு வகை. ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் கிராவல் பிரேக்குகளுக்கு டாட் ஆயில், 5.1 அல்லது 4. இதில் டாட் 4 எந்த மோட்டார் பைக் கடையிலும் கிடைக்கும். மினரல் ஆயில் கிடைக்காது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் பக்கத்து ஹவுஸ் சர்ஜன் பையன் ஒருவன். மினரல் ஆயில் பிரேக். லீவர் லூசாக இருக்கிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டான். கடைக்காரர் நல்ல மனசோடு, "பிரேக் ஆயில்தானே தம்பி"ன்னு பைக் ஆயிலை ஊற்றிக் கொடுத்தார். சில நாள் நன்றாகவே பிடித்தது. ஆனால் மினரல் ஆயிலுக்கான ரப்பர் சீல் டாட் ஆயிலில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். ஒரு காலையில் வெண்ணாற்றுப் பாலத்து இறக்கத்தில் ஆடு குறுக்கே வர, முன் பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டது. காறை எலும்பு நடுவில் முறிவு. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது.

நம்ம தொழிலில் இதை எப்பவோ யோசித்துவிட்டார்கள். மயக்க மருந்து மெஷினில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு 2, 5 என்ற இடத்தில் பின், நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5. தூக்கக் கலக்கத்தில் மாற்றி மாட்டப் பார்த்தாலும் மாட்டாது. ஊசிக்குழாய் இணைப்புக்கு அந்த ஞானம் தாமதமாக வந்தது. நரம்பில் ஏற்ற வேண்டிய வின்கிரிஸ்டினை முதுகுத்தண்டில் ஏற்றி உயிர்கள் போயின, இரண்டுக்கும் ஒரே முனை பொருந்தியதால். முதுகுத்தண்டு ஊசிக்கென்று வேறெதிலும் பொருந்தாத முனையை ஐ.எஸ்.ஓ 80369-6 தரம் 2016-ல்தான் வகுத்தது. ஹப்பும் ஹேங்கரும் பொருந்தாமல் போனால் பணம்தான் போகும். பொருந்தக்கூடாத ஆயில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறதே, அதுதான் ஆபத்து. சைக்கிள்காரர்கள் ஆயில் ஊற்றும் வாயை இரண்டு விதமாகச் செய்து, எந்தப் புனலும் இரண்டிலும் பொருந்தாதபடி வைத்திருக்கலாம். செய்யவில்லை.

ஆக தம்பிக்கு: 2021 மாடலில் 45 டயர் நுழைந்து, மரை பிராக்கெட் இருந்து, கேபிள் ஹெட்செட்டுக்குள் போகாமல் இருந்தால், அதையே வாங்குங்கள். அதன் ஹேங்கர் இரண்டை சைக்கிளோடு சேர்த்தே ஆர்டர் போடுங்கள், அப்புறம் கிடைக்காது. மிச்சமாகும் காசில் நல்ல டயரும் ஹெல்மெட்டும். டயர் அழுத்தத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்று என்னிடம் வரும் சைக்கிள்காரர்களுக்கு, மணிக்கட்டில் அல்நர் நரம்பு அழுந்துவதுதான் பெரும்பாலும் காரணம். 45 நுழையவில்லை என்றால் யோசிக்காமல் புது மாடல்.

எதை வாங்கினாலும் பிரேக் லீவர் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கேஸ் ஷீட்டில் பென்சிலின் அலர்ஜியைச் சிவப்பு மையில் எழுதுவோமே, அது மாதிரி. என் சைக்கிளில் தமிழில்தான் எழுதியிருக்கிறேன், கடைக்கார அண்ணன் படிக்கணும் இல்லையா: "மினரல் ஆயில் மட்டும். பைக் ஆயில் ஊற்றாதீங்க."