நினைவு நிரம்பிய யந்திரம்

விமர்சனம் எழுதுகிறவன் பழுது பார்த்த கதையை எழுதலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு பிரதி ஏன் திறக்க மறுக்கிறது என்பதைத்தானே நாமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

செங்கம் சாலை வீட்டின் மாடியறையை அப்பா ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். 1998இல் ஊர் திரும்பிய ஒரு டச்சுக்காரர் கறுப்புப் பெட்டி ஒன்றை ஒப்படைத்து, வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். வரவில்லை. அப்பா அதைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்தார். வருஷா வருஷம் போகிக்கு இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றுவார். போகியில் எதையெல்லாமோ எரித்தோம், அதை மட்டும் விற்கக்கூட விடவில்லை. 2022இல் அப்பா போனார். பெட்டி எனக்கு வந்தது.

அது சி.டி.-ஐ பிளேயர். ஃபிலிப்ஸும் சோனியும் 1986இல் அறிவித்து, 1991இல் கடைக்கு வந்த வகை. டி.வி.யில் மாட்டினால் ஒரே தட்டில் படம், பாட்டு, விளையாட்டு, கலைக்களஞ்சியம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வழக்கொழிந்துபோயிற்று. இந்த ஊரில் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

பார்த்ததில்லை என்றாலும் அதன் நிழல் எங்கள் வீட்டிலேயே இருந்தது. 2003இல் அக்கா கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரர் மூன்று வி.சி.டி. கொடுத்தார். கம்ப்யூட்டரில் பிரதி எடுக்கும்போதுதான் கவனித்தேன்: படம் இருக்கிற ஃபோல்டருக்குப் பக்கத்தில் 'சிடிஐ' என்று இன்னொன்று. 1993இல் வி.சி.டி.யை வரையறுத்தவர்கள், இந்தப் பிளேயரிலும் அது ஓடவேண்டும் என்று தட்டிலேயே ஒரு சிறு புரோகிராம் வைக்க வழி செய்திருந்தார்கள். ஸ்டூடியோக்காரருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவருடைய சாஃப்ட்வேர் தானாகப் போட்டுவிட்டிருக்கிறது. எங்கள் பந்தியும் நாதஸ்வரமும், பரணில் கிடந்த ஒரு யந்திரத்தை முகவரியாக வைத்துப் பதிவாகியிருந்தன.

பெட்டியைப் போட்டேன். முகப்புத் திரை வந்தது. அதன் இயங்குதளம் உள்ளேயே ராமில் அல்லாமல் ரோமில் பொதிந்திருப்பதால், அது வந்தாலே மின்சாரமும் மூளையும் சரி என்று கொள்ளலாம். பாட்டு சி.டி. பாடியது, ஆகவே லென்ஸும் சரி. டச்சுக்காரர் விட்டுப்போன விளையாட்டுத் தட்டு மட்டும் தொடங்கும் இடத்திலேயே நின்று, நினைவு நிரம்பிவிட்டது என்றது. தேதியோ போடப்போட அழிந்தது.

திருவூடல் தெரு ரேடியோக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பேட்டரிய சிப்புக்குள்ளயே வச்சு மூடிட்டான் சார். மாத்தவே வாணாம்னு நெனச்சிருக்கான்."

கடிகாரம், எட்டு கிலோபைட் நினைவு, லித்தியம் பேட்டரி மூன்றும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பில். பத்து வருஷக் கணக்கு. பேட்டரி செத்ததும் நினைவில் குப்பை சேர, யந்திரம் அதை நிறைவு என்று படித்துக்கொள்கிறது. கடைசி வருஷத்தில் அக்காவை யாரென்று கேட்ட அப்பா, ஞாபகம் இருக்கிறதா என்றால் எல்லாம் இருக்கிறது என்பார். உவமையை நீட்ட விரும்பவில்லை. நம் விமர்சனத்தில் ஏற்கெனவே உவமைகள் அதிகம்.

அவர் வார்ப்பின் மேற்புறத்தை அரத்தால் ராவி, பழைய செல்லைத் துண்டித்து, மூன்று வோல்ட் காசு செல் ஒன்றை ஒயரில் பற்றவைத்தார். நான் தேதி போட்டேன். வங்கியிலும் காலையில் தேதி திறக்காமல் ஒரு கணக்கும் திறக்காது. தேதி நின்றது. விளையாட்டு தொடங்கியது.

பிறகு கல்யாணத் தட்டைப் போட்டேன். சுழன்றது. முகப்பு மறைந்து கறுப்பு வந்தது, படம் வரவில்லை. வராது என்று தெரியும். எம்பெக் படத்தை விரிக்கிற கார்ட்ரிட்ஜ் தனி, இந்தப் பெட்டியின் பின்குழி காலி. அந்தக் கறுப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். கம்ப்யூட்டரில் பார்த்தால் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வருகிறார். வேகமாக நடக்கிற இடத்தில் சதுரம் சதுரமாக உடைகிறார்.

"யாருது சார் இது?"

"மாடியில இருந்தவரோடது."

"வருவாரா?"

அதே வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன். போகிக்கு இறக்கவேண்டும்.