உடன்குடியில் ஒரு ஆச்சி சொன்னது

திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் முருகனைத் தரிசித்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறோம். அப்படியே கொஞ்சம் தெற்கே, குலசேகரப்பட்டினம் தாண்டி உடன்குடி வரை போய்ப் பாருங்களேன். வழியெல்லாம் செம்மண் தேரியும் பனைமரமும்தான். என் நாத்தனார் அங்கே வாக்கப்பட்டிருப்பதால், சித்திரை மாதம் நாலு நாள் தங்கிவர முடிந்தது.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்கள் பனையேறிப் பதநீர் இறக்குகிறார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருப்பதால் அது புளிப்பதில்லை. காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள் வேலை. ஓலைக் குடிசைக்குள் அடுப்பு மூட்டி, புகையில் கண் கரிக்க மணிக்கணக்காகக் கிண்டி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள்.

நாத்தனாரின் மாமியாருக்கு எழுபது வயசுக்கு மேல். தொலி உளுந்தும் கொஞ்சம் அரிசியும் வறுத்துத் திரித்த மாவைக் கருப்பட்டிப் பாகில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

"விசேஷமா ஆச்சி?" என்று கேட்டேன்.

"விசேஷம் வந்தாத்தான் பொம்பளைக்குக் களியாக்கும்? வயசுக்கு வந்தா பதினாறு நாளு களி, பிள்ளை பெத்தா நாப்பது நாளு மருந்து. நடுவுல என்னத்தத் தின்னான்னு யாரு கேக்கா?" என்றார்கள்.

யோசித்துப் பார்த்தால் உண்மைதானே! 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ம் வருட அளவுப்படி, ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும்; மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு 29 வேண்டும். நாமோ எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிறோம்.

பருவப் பெண்ணுக்கும் நமக்கும் முருங்கைக்கீரை, பயறு, முட்டை அடிக்கடி வேண்டும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டவுடன் காபி, டீ வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும். கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு தேய ஆரம்பிக்கும். அப்போது சுண்ணாம்புச்சத்து நாளைக்கு 1200 மில்லிகிராம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 340-க்கு மேல் இருக்கிறது. மோர், முள்ளோடு தின்னும் நெத்திலி இவையும் நல்லது.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கருப்பட்டியும் இனிப்புதான், நீரிழிவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் களியில் கை வைக்க வேண்டாம். அந்த ஆச்சிக்கும் நீரிழிவு உண்டு. களியை மருமகளுக்கும் பேத்திக்கும் உருட்டிக் கொடுத்துவிட்டு, தனக்குக் கேழ்வரகுக் கூழில் மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடித்தார்கள். மூன்று தலைமுறையும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்க்க எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஊர் வந்ததும், எங்கள் வீட்டிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் சேர்ந்து எனக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டேன்!