எந்தத் தெரு என்ற கேள்வி

கட்டுமாவடியில் எங்கள் தெருவிலிருந்து யார் மருத்துவமனைக்குப் போனாலும் துணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஓ.பி. சீட்டு வரிசையில் நின்று நின்று, அங்கே கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம்.

"காய்ச்சலா? எத்தனை நாளா? மாத்திரை போட்டியா?" இதற்கு ஒரு வார்த்தையில்தான் பதில் சொல்ல முடியும். அவசரத்தில் இப்படிக் கேட்கத்தான் வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரிடம் கதை கேட்க முடியாது. ஆனால் மற்ற நேரத்திலும் இப்படியே கேட்டால், நம் மக்கள் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். "ஒடம்புக்கு என்ன செய்யுதும்மா, சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் ஆயிரம் வரும்.

இன்னொரு வகை இருக்கிறது. "குடிச்சிருக்கியா? குளிக்கிறதே இல்லையா?" பதிலை முன்பே முடிவு செய்துவிட்டுக் கேட்பது. இது கேள்வியே இல்லை, குற்றச்சாட்டு.

1700இல் இத்தாலிய மருத்துவர் ரமாசினி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கட்டாயம் கேளுங்கள் என்றார். நாள் முழுக்க ஐஸிலும் இறாலிலும் கை ஊறும் பெண்ணுக்கு வெறும் களிம்பு எழுதிக்கொடுத்தால் புண் எப்படி ஆறும்?

"எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு இரண்டு முகம். காலில் புண்ணோடு போன என் அத்தையிடம் ஓர் இடத்தில் அதைக் கேட்டார்கள். பதில் சொன்னதும் மருந்தைக் கையில் தராமல் மேசையில் போட்டார்கள். அங்கே தெரு என்றால் சாதி.

அதே கேள்வி உயிரையும் காக்கும். நம் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு சரியில்லாமல் போனது. குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். 26ஆம் தேதி மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால், உள்ளே மலம். நோயோடு நிற்காமல் தண்ணீர் வரை போனதால்தான் வன்கொடுமை வெளியே வந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அந்த மக்களில் மூவர் மீதே குற்றப்பத்திரிகை வைத்ததும், ஊர் அதை ஏற்க மறுத்ததும் தனியாக எழுத வேண்டியவை.

தோழர்களே, நர்சிங், மருத்துவம் படிக்கிறவர்கள் நம்மில் இப்போது இருக்கிறீர்கள். முதலில் பேச விடுங்கள். பிறகு நாள், அளவு என்று குறுக்கிக் கேளுங்கள். வேலையையும் தண்ணீரையும் விடாதீர்கள். அனுப்பும் முன் "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேளுங்கள். மாத்திரையை எப்படிப் போடுவார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

துணைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தெருவைக் கேட்டால், "எதுக்குக் கேக்குறீங்க?" என்று நிதானமாகத் திருப்பிக் கேளுங்கள். தண்ணீருக்காக என்றால் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சாதிக்காக என்றால் நாள், நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். புகார் கொடுக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.