சீஸ் உருகக் கூடாது

அகமதாபாத்தில் மூன்றாண்டுகளாக முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டு வருகிறேன். ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் உள்ள ஓர் அட்டவணையில், ஒரு பத்தியின் தலைப்பைச் சென்ற வாரம் மாற்றினேன். மாறியது ஒரு சொல்தான். அம்மாற்றத்துக்குக் காரணம் ஒரு பீட்சாக் கடை. இதை நெறியாளரிடம் இவ்வாறே விளக்க இயலாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆய்வைப் பற்றிச் சில வரிகள். நான் மதுரையைச் சேர்ந்தவள். பள்ளியிலும் தெருவிலும் தமிழ், வீட்டுக்குள் சௌராஷ்டிரம் என்று வளர்ந்தேன். எங்கள் முன்னோர் இன்றைய குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து புறப்பட்டு, பல தலைமுறைகளாகத் தெற்கு நோக்கி நகர்ந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் பட்டு நெசவாளராக நிலைபெற்றனர் என்பது மரபு வரலாறு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இம்மொழியைத் தாய்மொழியாகப் பதிந்தோர் ஏறத்தாழ 2.5 இலட்சம் பேர். மதுரையிலும் பரமக்குடியிலும் பேசப்படும் சௌராஷ்டிரத்தை இன்றைய குஜராத்தியுடன் ஒப்பிடுவதே என் ஆய்வு.

பீட்சா இதற்குள் வந்தது தற்செயலாக. என்னுடன் ஆய்வு செய்யும் தோழி அகமதாபாத்தின் பழைய நகரில் பிறந்து வளர்ந்தவள். உதவித்தொகை கைக்கு வரும் மாதத்தின் முதல் சனிக்கிழமை, இருவரும் ஒரு பீட்சாக் கடைக்குச் செல்வது என்றும், ஒவ்வொரு முறையும் வேறொரு வட்டாரப் பாணியை உண்பது என்றும் முடிவு செய்தோம். உதவித்தொகை வாராத மாதங்களில் பீட்சாவும் இல்லை. மொழியியல் படித்தவளிடம் எதைக் கொடுத்தாலும் அட்டவணை போடுவாள், நானும் போட்டேன். மாவு, அடுப்பு, சீஸ், அடுக்கும் வரிசை, உண்ணும் முறை என ஐந்து பத்திகள்.

முதலில் நேப்பிள்ஸ் பாணி. சிந்து பவன் சாலையில் விறகு அடுப்பு வைத்த கடை ஒன்றில் உண்டோம். நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு ஓர் இலக்கண நூலே இருக்கிறது. 1984-இல் அந்நகரில் தொடங்கப்பட்ட சங்கம் ஒன்று அதன் விதிகளை வகுத்திருக்கிறது: மாவில் கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறெதுவும் கூடாது; கையால்தான் விரிக்க வேண்டும்; விட்டம் 35 செ.மீ.-க்கு மிகக் கூடாது. விறகு அடுப்பில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிட வேண்டும். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்பெயருக்குப் பாதுகாப்பு அளித்தது. 2017-இல் நேப்பிள்ஸ் பீட்சாக்காரரின் கைவினையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. சைவக் கடைகள் மிகுந்த இந்நகரில் நேப்பிள்ஸின் மரினாராவுக்குச் சிக்கல் இல்லை என்று எண்ணினேன். அதில் தக்காளி, பூண்டு, ஒரேகானோ, ஆலிவ் எண்ணெய் மட்டுமே, சீஸ்கூடக் கிடையாது. ஆனால், பக்கத்து மேசையில் இருந்த சமணக் குடும்பம் பூண்டு இல்லாத மரினாரா கேட்டது. கடைக்காரர் சிறிதும் தயங்காமல் தலையசைத்தார். நேப்பிள்ஸ் சங்கத்தார் அதைக் கண்டிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நாங்கள் சிரித்தோம்.

'பீட்சா' என்ற சொல் இந்த விதிகளைவிட மிக மூத்தது. இத்தாலியின் கயேட்டா நகரில் 997-ஆம் ஆண்டு எழுதப்பட்ட இலத்தீன் ஆவணம் ஒன்றில் அது வருகிறது. குத்தகைதாரர் ஆயருக்குக் கிறிஸ்துமஸ் நாளில் 12 பீட்சாவும் ஈஸ்டர் நாளில் 12 பீட்சாவும் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவை அடைவதற்கு 5 நூற்றாண்டுகளுக்கு முந்தைய பீட்சா அது. அந்த ஆயர் உண்டதை இன்றைய சங்கம் பீட்சா என்று ஏற்காது.

அடுத்து ரோம் நகரத்துச் சதுரத் துண்டுகள். அதற்கடுத்து, இரண்டாக மடித்து உண்ண வேண்டிய நியூயார்க் பாணி. இரண்டும் நன்றாகவே இருந்தன, சொல்வதற்கு அதிகமில்லை. என்னை முற்றிலும் கவர்ந்தது டெட்ராய்ட் பாணி. 1946-இல் அந்நகரின் மதுக்கூடம் ஒன்றில் பிறந்தது இது. அதற்கு வாய்த்த பாத்திரம், மோட்டார் வாகன ஆலைகளில் சிறு உதிரிப் பாகங்களைப் போட்டு வைக்கும் நீள்சதுர எஃகுத் தட்டு. சிசிலி வழி வந்த தடித்த மாவு அத்தட்டில் பொங்கி எழுகிறது. சீஸை விளிம்புவரை பரப்புவதால் அது தட்டின் சுவரில் வழிந்து கருகி முறுகலாகிறது. தக்காளிச் சாறு அடியில் அல்ல, எல்லாவற்றுக்கும் மேலே கோடுகளாக வருகிறது. நேப்பிள்ஸ் இலக்கணத்தில் ஒரு விதிகூட மிஞ்சவில்லை. ஆயினும் என் குறிப்பேட்டில் நான் எழுதியது இது: 'கிடைத்த கருவி ஒரு பாணியை உருவாக்கியுள்ளது. அற்புதம்.'

நியூ ஹேவன் பாணியை உண்ண இந்நகரில் வழியில்லை. அதைப் பற்றிப் படித்ததோடு சரி. அமால்ஃபிக் கரையிலுள்ள மயோரியிலிருந்து குடிபெயர்ந்த ஃபிராங்க் பெப்பே 1925-இல் அங்கே கடை தொடங்கினார். அவ்வூரில் பலகையில் 'அபீட்சா' என்று எழுதி, 'ஆபீட்ஸ்' என்று உச்சரிக்கிறார்கள். நேப்பிள்ஸ் பேச்சில் பெயருக்கு முன்வரும் சுட்டிடைச்சொல் வெறும் 'ஆ'. இறுதி உயிர் ஏறத்தாழ மறைந்துவிடும். பகரம் பிகரமல்ல, ஆங்கிலக் காதுக்கு 'பாம்பு' என்பதன் இரண்டாம் பகர ஒலிபோலக் கேட்கும். இத்தாலியில் பள்ளியும் தொலைக்காட்சியும் பொதுமொழியைப் பரப்பின. கடல் கடந்தவர்களின் பேரப் பிள்ளைகளோ பாட்டனாரின் ஒலியை ஒரு பண்டத்தின் பெயருக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். புலம்பெயர்ந்தோர் மொழியை ஆராயும் எனக்கு இது விருந்தாக இருந்தது. தோழியிடம் ஒரு மணிநேரம் இதையே பேசினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்த மாதம் எங்கள் ஊர்ப் பாணி" என்றாள்.

மாணெக் சௌக் பகலில் நகைக்கடை வீதி. இரவில் உணவு வீதி. அங்கே ஒரு தள்ளுவண்டிக் கடைக்கு அழைத்துச் சென்றாள். பேக்கரியில் முன்பே சுட்டு வாங்கிய வட்டமான அடிமாவு. அதை வெண்ணெய் விட்டுத் தவாவில் மொறுமொறுப்பாக வாட்டினார் கடைக்காரர். இனிப்பும் காரமும் கலந்த கெட்டியான தக்காளிச் சாறு, பொடியாக நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய். இறுதியில், அமுல் சீஸ் கட்டி ஒன்றை எடுத்து, அடிமாவே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துருவிக் குவித்து, அப்படியே நீட்டினார். சீஸ் உருகவில்லை. வெண்ணிறத் துருவல் குன்றுபோல் நின்றது.

நான் சிரித்துவிட்டேன். "சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால், இது பீட்சாவே அல்ல" என்றேன். பக்கத்துக் கடையில் சீஸ் குவித்த குவாலியர் தோசை என்ற ஒன்றைக் கண்டு, மதுரைக்காரி என்ற உரிமையில் அதையும் சேர்த்துக் கேலி செய்தேன்.

தோழி உடனே மறுமொழி கூறவில்லை. தட்டைக் காலி செய்த பிறகு சொன்னாள்: "என் பத்தாம் பிறந்தநாளுக்கு அப்பா இதைத்தான் வாங்கித் தந்தார். அன்றைக்கு இது பீட்சாவாகத்தான் இருந்தது."

அன்று அட்டவணையில் நான் எதையும் எழுதவில்லை. எழுதத் தகுதியான பாணி அது என்று எனக்குத் தோன்றவில்லை.

சில வாரங்கள் கழித்து அவள் வீட்டுக்கு உணவுக்குச் சென்றேன். அவளுடைய பாட்டனார் குஜராத்தி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். என் மொழியைக் கேட்க வேண்டும் என்று ஆசையாகக் கேட்டார். என் பாட்டி மறைவதற்கு ஓராண்டுக்கு முன் நான் செய்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். சிறுமியாக இருந்தபோது தார் சுற்றக் கற்றுக்கொண்ட கதையைப் பாட்டி அதில் சொல்கிறார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். தெரிந்த சொல் வந்தபோதெல்லாம் முகம் மலர்ந்து அதைத் திருப்பிச் சொன்னார். பதிவு முடிந்ததும் என் தலையில் கைவைத்து, மிகுந்த அன்போடு, "சொற்கள் எங்களுடையவைதான், மகளே. ஆனால் இது குஜராத்தி அல்ல. பாவம், எல்லாம் கெட்டுப்போய்விட்டது" என்றார்.

அவர் சொன்னதில் துளியும் இகழ்ச்சி இல்லை. அதனால்தான் மறுமொழி கூற இயலவில்லை. பதிவு செய்த நாளில் பாட்டியே கேட்டார்: "இந்தக் கலப்படப் பேச்சை எதற்குப் பிடித்து வைக்கிறாய்? நல்லபடியாகப் பேசுகிறவர்கள் யாரையாவது கேட்கக் கூடாதா?" மாடிப்படி இறங்கும்போது தோழி என் கையைப் பற்றிக்கொண்டாள். மாணெக் சௌக்கை அவள் நினைவூட்டவில்லை. நினைவூட்டத் தேவையும் இருக்கவில்லை.

விடுதிக்குத் திரும்பி என் ஆய்வேட்டைத் திறந்தேன். இரண்டாம் இயலின் அட்டவணையில் மூன்று பத்திகள்: 'குஜராத்தி வடிவம்', 'சௌராஷ்டிர வடிவம்', 'விலகல்'. பெரியவர் வாயால் சொன்னதை நான் இரண்டாண்டுகளாகக் கலைச்சொல்லில் எழுதி வந்திருக்கிறேன். எந்தப் பேச்சும் பிழையன்று, ஒவ்வொன்றுக்கும் தன் விதிகள் உண்டு என்பது முதுகலை முதல் பருவத்தில் கற்ற பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். குஜராத்தியரான மொழியியலாளர் பிரபோத் பண்டிட் தமிழ்–சௌராஷ்டிர இருமொழியாளரின் இலக்கணத்தை ஆராய்ந்து 1972-லேயே எழுதியிருக்கிறார். அவருடைய நூல் என் மேசையில்தான் கிடந்தது. தமிழின் 'என்று' போல, ஒருவர் சொன்னதைச் சொல்லி முடித்ததும் எங்கள் மொழியிலும் ஒரு சொல் வந்து நிற்கும். அதையும் 'விலகல்' என்ற தலைப்பின் கீழ்தான் வைத்திருந்தேன்.

மறுநாள் மாலை தனியாக மாணெக் சௌக்குக்குச் சென்றேன். கூட்டம் இன்னும் சேரவில்லை. அதே கடைக்காரரிடம், "எனக்கு மட்டும் சீஸை முதலில் போட்டு, மூடி வைத்து உருக்கித் தருவீர்களா?" என்று கேட்டேன்.

"முடியாது" என்றார்.

"ஏன்?"

"உருக்கினால் மேலே தோல்போல ஆகிவிடும், பல்லில் ஒட்டும். சாறு சூடாகவும் காரமாகவும் இருக்கிறது. மேலே இருப்பது குளிர்ச்சியாக இருந்தால்தான் இரண்டும் சேரும். கீழே மொறுமொறுப்பு, நடுவில் சூடு, மேலே பூப்போல. அப்படித்தான் செய்ய வேண்டும்." சற்று நிறுத்திவிட்டு, "நீங்கள் கேட்பது பீட்சாவே அல்ல" என்றார்.

கள ஆய்வு செய்தவர்களுக்கு இந்தத் தருணம் தெரியும். தவறான வாக்கியம் ஒன்றைக் கட்டித் தகவலாளரிடம் நீட்டுகிறோம். அவர் முகம் சுளித்து, "அப்படிச் சொல்ல மாட்டோம்" என்கிறார். அந்த வாக்கியத்தின் முன் நாம் உடுக்குறி இடுகிறோம். விதி இல்லாத இடத்தில் அந்த மறுப்பு பிறக்காது. என் கோரிக்கையின் முன் அவர் ஓர் உடுக்குறி இட்டார்.

அதன் பிறகு அந்தப் பீட்சாவை ஒழுங்காகப் பார்க்க முடிந்தது. வண்டியில் விறகு அடுப்பு வைக்க இடமில்லை; எரிவாயுவும் தவாவும்தான் உண்டு. ஆகவே பேக்கரி அடிமாவு. டெட்ராய்ட்டுக்கு ஆலைத் தட்டு எப்படியோ, இங்கே தவா அப்படி. நேப்பிள்ஸின் புகழ்பெற்ற மொட்சரெல்லா எருமைப்பாலில் செய்யப்படுகிறது. குஜராத்தும் எருமைப்பால் நாடுதான், ஆனால் இந்நகர மக்கள் பழகிய சீஸ் ஆனந்த் நகரின் கூட்டுறவுச் சங்கம் வழங்கியது. துருவினால்தான் அதற்கு அழகு. அச்சங்கம் பதிவு செய்யப்பட்ட ஆண்டு 1946. டெட்ராய்ட் பீட்சா பிறந்ததும் அதே ஆண்டில்தான். ஒன்றைப் 'பாணி' என்றும் மற்றொன்றைப் 'பீட்சாவே அல்ல' என்றும் நான் பிரித்ததற்குச் சமையலில் காரணம் இல்லை. டெட்ராய்ட்டைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரைகள் படித்திருந்தேன். மாணெக் சௌக்கைப் பற்றிப் படித்ததில்லை. வேறு காரணத்தை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். "தோசையைக் கேலி செய்ததற்கும் சேர்த்தா?" என்றாள். தோசையைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும் என்றேன்.

என் பீட்சா அட்டவணையில் இப்போது அகமதாபாத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. ஐந்து பத்திகளும் நிரம்பியிருக்கின்றன. அடுத்து பாக்ரி பீட்சா: குஜராத்தி வீடுகளில் செய்யும் மொறுமொறுப்பான பாக்ரி ரொட்டியே அதற்கு அடிமாவு. இம்மாத உதவித்தொகை இன்னும் வரவில்லை.

ஆய்வேட்டின் அட்டவணையில் மூன்றாம் பத்தியின் தலைப்பு இப்போது 'விதி'. சொல்லை மாற்றுவது எளிதாக இருந்தது. அதன் கீழுள்ள ஒவ்வொரு வரியையும் மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. குஜராத்தியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்தால் முன்பு போதுமானதாக இருந்தது. இப்போது, எப்போது அப்படிச் சொல்வார்கள், எப்போது சொல்ல மாட்டார்கள் என்று மதுரைக்கும் பரமக்குடிக்கும் சென்று மறுபடியும் கேட்க வேண்டும். பணி ஆறு மாதமாவது நீளும். நெறியாளர் இன்னும் பார்க்கவில்லை.

தார் சுற்றக் கற்ற கதையில் பாட்டி சொன்ன வாக்கியம் அதில் 14-ஆவது வரிசையில் இருக்கிறது.